அம்மம்மாவின்ரை ‘பூரான்’ கம்பியூட்டருக்கு ஏன் விளங்கேல்லை?

மீசாலைப் பிள்ளை:
அம்மம்மா சொல்லுற பழைய கதையளைப் போனிலை பதிஞ்சு எழுதிக்கொண்டிருக்கிறன். நேற்று அவ சொன்னது: “கிழங்கு கிண்டேக்கை கொட்டையைப் பிளந்து பூரான் எடுத்துத் தின்னுவம். ஊமலைக் காயவைச்சு அடுப்பெரிப்பம்.” (பூரான் எண்டது முளைச்ச பனங்கொட்டைக்குள்ளை இருக்கிற பருப்பு, ஊமல் அந்தக் கொட்டையின்ரை கோது.) கனடாவிலை இருக்கிற பெறாமகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. மொழிபெயர்ப்புச் செயலியிலை போட்டு அனுப்பினன். அம்மம்மா மட்டத்தேள், அதுதான் பூரான் எண்ட பூச்சி, தின்டவ எண்டு போயிட்டுது! ஊமல் ‘ஊமை’ ஆகிட்டுது. எனக்கு மனமே நொந்துபோச்சு. தெரியாத சொல்லுக்கு உது எப்பிடிக் கருத்து எடுக்குது?

கொக்குவிலான்:
தங்கச்சி, அது அகராதி புரட்டுறேல்லை, அக்கம்பக்கத்துச் சொல்லுகளைத்தான் பாக்குது. ஒரு சொல்லை அது கூடித் திரியிற சொல்லுகளாலை அறியலாம் எண்டு 1957இலை ஃபெர்த் எண்ட இங்கிலாந்து மொழியியலாளர் எழுதினவர். 2013இலை கூகிள்காரர் வெளியிட்ட வேர்ட்டுவெக் எண்ட நிரல் அதைக் கணக்காக்கினது. ஒவ்வொரு சொல்லும் ஒரு எண் வரிசை. ஒரேமாதிரி இடங்களிலை வாறதுகள் கிட்டக்கிட்ட நிக்கும். ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரு இடம்தான். இணையத்திலை பூரான் எண்டால் கடிக்கிற பூச்சி, அதாலை உங்கடை பூரானும் தேளுக்குப் பக்கத்திலை போய் நிக்கும். 2018இலை வந்த பேர்ட் (BERT) எண்ட கணினி மொழி மாதிரியைப் போன்றதுகள் வசனத்தைப் பாத்துக் கருத்தை மாத்தும். எண்டாலும் கிழங்கு, கொட்டையோடை பூரானைக் கண்டது குறைவெண்டால் தடுமாறத்தான் செய்யும்.

வடலியடி:
ஊமலின்ரை கதை வேறை. காணாத சொல்லைத் துண்டு துண்டாப் பிரிச்சுப் பாக்கும். 2016இலை வந்த ஃபாஸ்ட்டெக்ஸ்ட் எண்ட நிரல் 3 முதல் 6 எழுத்துக்குறி நீளத் துண்டுகள் எடுக்கும். ‘வடலிக்குள்ளாலை’யை (வடலி எண்டது இளம் பனை) முன்னம் காணாட்டிலும் ‘வடலி’ எண்ட துண்டு கைகுடுக்கும். ஊமலுக்கு அப்பிடித் துணையில்லை. முன்துண்டு ஊமையோடைதான் ஒட்டுது.
பிள்ளை, ‘ஊமல் என்றால் கோது’ எண்டு பட்டியல் மட்டும் போட்டிட்டு விடாதேங்கோ. காய வைச்சது, எரிச்சது, கரி சுட்டது எண்டு வசனமா எழுதுங்கோ. எங்கடை சொல்லுகளுக்கு அயல் வேணும்.

மீசாலைப் பிள்ளை:
நன்றி அண்ணையவை. அம்மம்மாட்டைத் திருப்பிக் கேட்டன். “பன்னாடை பத்தவைக்க, ஊமல் நிண்டு எரிய. பூரான் வெள்ளையாப் பஞ்சு மாதிரி, கடிச்சால் இனிக்கும்” எண்டவ (பன்னாடை எண்டது பனை மட்டையடியிலை இருக்கிற வலை மாதிரியான நார்). ஒரு எழுத்தும் மாத்தாமல் ஏத்திப்போட்டன். பெறாமகளுக்கு நானே இங்கிலிசிலை எழுதிப் படமும் அனுப்பினன். நாளைக்குப் பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியைப் பற்றிக் கேக்கப்போறன்.