புதுப்பிப்பு: ரோமில் கையைக் கடிக்காமல் சாப்பிட்ட கதை

ரோமில் உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் மலிவான உணவு எங்கே கிடைக்கும் என்று போன மாதம் கேட்டிருந்தேன். டெஸ்டாச்சோவுக்குப் போகச் சொன்னவருக்கு நன்றி. பழைய இறைச்சிக்கூடம் இருந்த பேட்டை அது. சந்தைக்குள்ளேயே சாப்பாட்டுக் கடைகள் உண்டு. துண்டு பீட்சாவுக்கு, 'இவ்வளவு போதும்' என்று கையால் காட்டினால் வெட்டி, எடைபோட்டுக் காசு வாங்குகிறார்கள். சுப்ளி என்றொரு பொரித்த அரிசி உருண்டை. பிய்த்தால் உள்ளே மொசரெல்லா சீஸ் நூலாக இழுபடுகிறது. நான்கு நாளும் அதை விடவில்லை. காச்சோ எ பெப்பே என்ற உணவில் பாஸ்தா, பெக்கோரினோ என்ற செம்மறியாட்டுப் பால் சீஸ், மிளகு, அவ்வளவுதான். நம் மிளகுக்கு அங்கே அப்படியொரு மரியாதை!

காப்பியை நின்றபடி குடியுங்கள், உட்கார்ந்தால் செலவு கூடும். முதல் நாள் பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில் அருகே ஒரு கடையில் சொகுசாக உட்கார்ந்தேன். கேட்காத ரொட்டி மேசைக்கு வந்தது, பில்லிலும் வந்தது.