மலைநாட்டில் பூச்செடிக்குத் தண்ணீர்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

கந்தப்பளை ரோஜாக்காரி:

கொழும்பிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே பேச்சுத்தான். "ஒங்க ஊர்ல பூச்செடிக்கு எதுக்குத் தண்ணி? அதான் வானமே ஊத்துதே!" பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இங்கே கேட்கிறேன். தண்ணீர் விஷயத்தில் நீங்கள் கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். எங்கேயோ படித்தது வேண்டாம்.

முதலில் என் கதை. பங்களாவில் பூந்தோட்ட வேலை பார்த்து ஓய்ந்த ஒரு தாத்தா எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கிறார். காலையிலிருந்து மூடுபனியும் தூறலுமாக இருந்த ஒரு நாள், மனிதர் பூவாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். பார்த்தவர்களுக்கெல்லாம் சிரிப்பு. மழையில் நின்று தண்ணீர் ஊற்றுகிறாரே என்று. அவர் என்னைக் கூப்பிட்டு, இஸ்தோப்பு (வீட்டு முன்திண்ணை) ஓரத்தில் இருந்த ஜெரேனியம் சட்டியில் விரலால் மண்ணைக் கிளறிக் காட்டினார். மேலே நகக்கண் அளவுக்குக் கறுத்த ஈரம். அதற்குக் கீழே வெளிறிப்போன புழுதி, ஊதினால் பறக்கிறது. இலையில் மட்டும் முத்து முத்தாகத் துளி. "இலை குளிச்சிருக்கு பாப்பா. வேரு இன்னும் குடிக்கல" என்றார்.

அவர் தண்ணீர் விடுகிற அழகு தனி. முதலில் சட்டியை விளிம்பில் பிடித்து லேசாகத் தூக்கிப் பார்ப்பார். கனத்தால் அப்படியே வைத்துவிடுவார். லேசாக இருந்தால் பூவாளியின் சல்லடை மூடியைக் கழற்றிவிட்டு, அடித்தண்டுக்குப் பக்கத்தில் மெதுவாக ஊற்றுவார். அப்புறம் அடுத்த சட்டிக்குப் போய்விடுவார். வரிசை முடிந்ததும் திரும்பி வந்து இரண்டாவது தடவை. அடித்துளையில் சொட்டும்வரைக்கும்தான். இலையைத் தொடவே மாட்டார்.

தகரக் கூரையின் ஓரம் ஒரு தந்திரமான இடம் என்பதையும் அவரிடம்தான் கற்றேன். மழை சாய்ந்தடித்தால் அங்கே வைத்த சட்டி நனையும். நேராகப் பெய்தால் அதில் ஒரு சொட்டும் விழாது. இரண்டடி தள்ளி, கூரைத் தண்ணீர் விழுகிற கோட்டில் வைத்த செடியோ மண் பறிந்து வேர் வெளியே தெரிய நிற்கும். ஒரே வாசல், ஒரே மழைதான்.

பண்டாரவளைக்காரன்:

அக்கா, உங்களுக்குத் தூறலாவது இருக்கிறது. ஜூன் மாதம் ஹட்டனில் இருக்கிற எங்கள் சித்தி போன் எடுத்து, துவைத்த துணி காயவில்லை என்று புலம்புவார். அதே நாளில் நாங்கள் இங்கே தண்ணீருக்கு வாளியோடு நிற்போம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது வெறும் வறண்ட காற்றாகிவிடும். அதுதான் எங்கள் கச்சான். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த மணம் இந்தக் காற்றில்தான் ஏறுகிறது என்பார்கள். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை அந்தத் தேயிலைக்கு நல்ல விலை. பூச்செடிக்கு அதுதான் கேடுகாலம். சித்தி சொல்கிற மாதக் கணக்கை வைத்து இங்கே செடி வளர்க்க முடியாது.

வெயிலை விடக் காற்றுதான் மோசம். டேலியா இலை ஓரத்தில் சுருண்டு, பத்து மணிக்கே தலையைத் தொங்கப் போட்டுவிடும். பக்கத்து வீட்டுச் சிங்கள ஆச்சி ஒருவர் இருக்கிறார். அவருடைய ரோஜாக்கள் மட்டும் ஆகஸ்டிலும் பச்சையாக நிற்கும். ரகசியம் என்னவென்று ஒரு விடியற்காலையில் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அவருடைய தோட்டம் நல்ல சரிவு. ஒவ்வொரு செடிக்கும் பள்ளத்துப் பக்கமாகப் பிறை வடிவில் ஒரு சின்ன வரம்பு கட்டியிருந்தார். மேட்டுப் பக்கம் திறந்திருக்கும். ஊற்றுகிற தண்ணீர் ஓடிப்போகாமல் அந்தப் பிறைக்குள் நின்று ஊறுகிறது. அதன்மேல் மானாப்புல்லை வெட்டிக் கனமாகப் பரப்பியிருந்தார். புல்லை விலக்கி மண்ணைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். முந்தின நாள் தண்ணீர் விடவில்லை என்றார். ஆனாலும் குளுகுளுவென்று இருந்தது.

ஆச்சி தினமும் தண்ணீர் விடுவதில்லை. ஒருநாள் விட்டால் ஆழமாகப் போகிற அளவுக்கு விட்டுவிட்டு, சில நாள் சும்மா இருப்பார். எதிர்வீட்டு அண்ணன் தினமும் மாலையில் ஹோஸைப் பிடித்துக்கொண்டு, போனில் பேசியபடி எல்லாச் செடிக்கும் மேலாகத் தெளிப்பார். வேர் மேல்மண்ணிலேயே நின்றுவிட்டது. ஒரு கிழமை குழாயில் தண்ணீர் வரவில்லை, அவ்வளவுதான், அவருடைய செவ்வந்தி முழுக்கப் போய்விட்டது.

வட்டவளை மழைக்காரர்:

தம்பிக்கு ஒரு வாளித் தண்ணீர் அனுப்பி வைக்க எங்களால் முடியும். இலங்கையிலேயே அதிகமாக மழை கொட்டுகிற இடங்களில் எங்கள் ஊரும் ஒன்று. இங்கே பூச்செடி வளர்ப்பது என்றால் தண்ணீரை வெளியே அனுப்புகிற வேலைதான். தேயிலை மலையில் கான் (வடிகால்) வெட்டத் தெரிந்த எங்கள் ஆட்கள், வீட்டு வாசலில் பூப்பாத்தி போடும்போது மட்டும் அதை மறந்துவிடுவது ஏனோ எனக்குப் புரிவதில்லை. பாத்தியை உயர்த்தி, பக்கத்தில் ஒரு சின்னக் கான் வெட்டிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சட்டிகளைச் செங்கல் துண்டின்மேல் தூக்கி வைத்தால் இன்னும் நல்லது.

நான் பார்த்ததில் மறக்க முடியாதது ஒன்று. அடைமழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தது. சொந்தக்காரர் வீட்டில் ரோஜாச் செடி வாடித் தொங்குகிறது. வீட்டுக்கார அக்கா, "பாவம், தாகம்" என்று குடம் குடமாக ஊற்றுகிறார். ஊற்ற ஊற்ற இன்னும் வாடுகிறது. கடைசியில் செடியைப் பிடித்து இழுத்தால் சேற்றிலிருந்து சும்மா கையோடு வந்துவிட்டது. குளத்து அடிச்சேற்று நாற்றம். வேர் பழுப்பாகி, விரலால் பிடித்து உருவினால் மேல்தோல் தனியே கழன்று, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் நிற்கிறது. மண்ணில் காற்றுக்கு இடமில்லாமல் வேர் அழுகிவிட்டால், தண்ணீரில் நின்றாலும் செடியால் குடிக்க முடியாது. அதனால் வாட்டம் தெரிந்தவுடன் வாளியைத் தேடாதீர்கள். மண்ணுக்குள் விரலை விடுங்கள்.

மழைக் காலத்தில் பூவிதழில் சாம்பல் நிறப் பூஞ்சணமும் ரோஜா இலையில் கரும்புள்ளியும் எங்களுக்கு வீட்டு விருந்தாளிகள். இந்த நிலையில் மாலைநேரத்தில் இலைக்குமேல் தெளிக்கிறவர்களைக் கண்டால் கோபம்தான் வருகிறது. இரவு முழுக்க இலை ஈரத்தோடு கிடந்தால் நோய்க்கு அதைவிட என்ன வேண்டும்?

ஜனவரி தொடங்கி மார்ச் வரைதான் இந்தப் பக்கம் காய்கிற காலம். மேற்குச் சரிவில் விளைகிற டிம்புள்ளைத் தேயிலைக்கு மணம் ஏறுவதும் அப்போதுதான். ஆக மலையின் எந்தப் பக்கமானாலும், தொழிற்சாலையில் நல்ல வாசம் அடிக்கத் தொடங்கினால் வாளியை எடுக்கலாம் என்பது என் கணக்கு.

தலவாக்கலைத் தங்கச்சி:

ஒரு சந்தேகம். மத்தியானத்தில் ஹைட்ரேஞ்சியா அப்படியே துவண்டுவிடுகிறது. மண் ஈரமாகத்தான் இருக்கிறது. தண்ணீர் விடலாமா? வெயிலில் விட்டால் துளி சூடாகி இலை கருகும் என்று அம்மா தடுக்கிறார்.

வட்டவளை மழைக்காரர்:

விட வேண்டாம், தங்கச்சி. அந்த அகன்ற இலை வெயிலில் இழக்கிற வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடிவதில்லை. ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள், தானாக நிமிர்ந்திருக்கும். மாலையிலும் நிமிராவிட்டால் மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால்தான் தாகம். இலை கருகும் என்பது பெரும்பாலும் பயம்தான். வழவழப்பான இலையில் துளி தட்டையாகப் படுத்துக் காய்ந்துவிடும். பகலில் விட்டால் கொஞ்சம் ஆவியாகிவிடும், அதுதான் நட்டம். ஆனால் ஆப்பிரிக்கன் வயலட் மாதிரி மயிர் படர்ந்த இலைகளில் நம் ஊர் விடியற்காலைக் குழாய்த் தண்ணீர் பட்டால் வெளிறிய திட்டு விழும். அது குளிர்ச்சி செய்கிற வேலை. வாளியில் பிடித்து வைத்துச் சில்லிப்பு போன பிறகு விடுங்கள்.

கம்பளை டீச்சர்:

எங்கள் பக்கம் கொஞ்சம் சூடு, அந்தூரியம் நன்றாக வரும். சட்டியிலிருந்து வடிகிற தண்ணீர் தரையில் படாமல் இருக்க எல்லோரும் அடியில் தட்டு வைத்திருந்தோம். ஒருநாள் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா வந்தார். பூவைப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு டீச்சர்" என்றார். அடுத்த நிமிடம் குனிந்து, ஒரு தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்தார். குட்டிக் குட்டியாக நெளிகிற புழு! நுளம்பு பெருக இடம் கொடுப்பதைத் தடுக்க 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது, வழக்குப் போடலாம் என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர ஒரு கிழமை, பத்து நாள் போதும். எங்கள் ஒழுங்கை முழுக்க அன்றே தட்டுகள் காணாமல் போயின. இப்போது சிலர் தட்டில் மணல் நிரப்புகிறார்கள். தண்ணீர் தேங்காது.

இன்னொன்று. தேங்காய்த் தும்புத் தூளில் நட்ட செடி முழுக்கக் காய்ந்துவிட்டால், மேலே ஊற்றுகிற தண்ணீர் சட்டிச் சுவர் ஓரமாக வழிந்து அடியில் ஓடிவிடும். அடியில் சொட்டுகிறதே என்று நாமும் திருப்தியாகப் போய்விடுவோம். நடுவில் ஒரு துளி போயிருக்காது. சட்டியைத் தூக்கினாலே தெரியும், இறகு கனம்தான் இருக்கும். பேசினில் தண்ணீர் நிரப்பிச் சட்டியை அதில் இறக்கி வையுங்கள். குபுகுபுவென்று குமிழி வரும். குமிழி நின்றபிறகு எடுத்து வடியவிடுங்கள்.

நுவரெலியா லேக் பக்கம்:

எல்லோரும் மழையையும் காற்றையும் சொன்னீர்கள், உறைபனியை யாரும் சொல்லவில்லையே. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற ஊர் இது. ஜனவரி, பெப்ரவரியில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்து, காற்றும் அசையாத இரவுகளில் புல்லெல்லாம் வெள்ளையாகிவிடும். அந்த மாதங்களில் மழையும் குறைவு. தண்ணீர் விடவும் வேண்டும், விடவும் பயம்.

எங்கள் ஆட்கள் செய்வது இது. காலை பத்து மணிக்குமேல், மண் கொஞ்சம் சூடேறியபிறகு அடியில் மட்டும் விடுவார்கள். ஈரமண் பகல் சூட்டைப் பிடித்துவைத்து இரவில் மெல்ல விடும். காய்ந்த மண்ணால் அது முடியாது. மாலையில் மென்மையான செடிகளுக்குமேல் சாக்கை இழுத்துப் போடுவார்கள். அப்படியும் பனி விழுந்துவிட்டால், வெயில் ஏறுமுன் போய் இலையிலிருக்கும் பனியைத் தண்ணீரால் கழுவிவிடுகிற மரக்கறித் தோட்டக்காரர்கள் உண்டு. காலை இருட்டில் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறவர்களைப் பார்த்தால், லீக்ஸ் விலை கேட்டுப் பேரம் பேச மனம் வராது.

இவ்வளவு பாடுபடுவது ஏப்ரல் வசந்தகாலத்துக்காகத்தான். சனம் வந்து குவியும்போது வாசலில் பூ இல்லாவிட்டால் நுவரெலியாக்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

தலவாக்கலைத் தங்கச்சி:

எல்லாருக்கும் நன்றி. மாலையில் பார்த்தேன், ஹைட்ரேஞ்சியா நிமிர்ந்துவிட்டது. இன்னொரு கேள்வி, கோபிக்காதீர்கள். ஒரு கிழமை கொழும்புக்குப் போகிறோம். ஐந்தாறு சட்டி இருக்கிறது. பக்கத்து வீட்டிலும் ஆள் இல்லை.

கந்தப்பளை ரோஜாக்காரி:

சட்டிகளை வெயில் படாத சுவர் ஓரமாக, ஒன்றோடு ஒன்று நெருக்கி வையுங்கள். நடுவில் ஒரு முக்காலி போட்டு, அதன்மேல் மூடியுள்ள வாளி நிறையத் தண்ணீர். பழைய துணியை நீளமாகக் கிழித்து, ஒரு நுனி வாளியின் அடிவரைக்கும் போகட்டும், மறுநுனியைச் சட்டி மண்ணுக்குள் விரல் ஆழத்துக்குப் புதையுங்கள். போவதற்கு முன் சட்டி மண்ணையும் துணியையும் நன்றாக நனைத்துவிடுங்கள். பருத்தித் துணியாகப் பாருங்கள், அது தண்ணீரை நன்றாக இழுக்கும். வாளி மூடியை இறுக்கமாக வைத்து, துணி நுழைகிற இடைவெளியையும் அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் டீச்சர் வீட்டுக்கு வந்த பீ.எச்.ஐ. ஐயா உங்கள் வீட்டுக்கும் வருவார்.