ஸ்லீப்பிங் பேக்: 650ஆ, 850ஆ? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். மாசியில் நாங்கள் சில பேர் மலைநாட்டு ஹோர்ட்டன் சமவெளியில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். அங்கே அந்த நாட்களில் விடியப்புறம் புல்லில் உறைபனி பிடிக்குமாம். ஃபான் இல்லாமல் நித்திரை வராத வன்னி ஆட்கள் நாங்கள், யோசித்துப் பாருங்கள்!

கனடாவில் இருந்து வரும் மச்சானிடம் டவுண் (வாத்தின் மென்மையான உள்ளிறகு) நிரப்பிய ஸ்லீப்பிங் பேக் ஒன்று சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 650 ஃபில் பவர், உள்ளே 600 கிராம் டவுண். மற்றது 850, ஆனால் 350 கிராம்தான். விலையோ இதற்குத்தான் கூட.

நான் வாசித்த அளவில், ஒரு அவுன்ஸ் டவுண் எத்தனை கன அங்குலத்துக்கு உப்பி நிற்கும் என்பதுதான் ஃபில் பவர். அது டவுணின் தரம், பையின் சூடு இல்லை. அப்படியென்றால் எடையையும் சேர்த்துப் பெருக்க வேண்டும்: 650×600 = 3,90,000; 850×350 = 2,97,500. மலிவான பையில்தானே உப்பல் கூட, அப்போ சூடும் கூடத்தானே? 850க்குக் கொடுக்கும் காசு பாரம் குறைவதற்கும் சின்னதாகச் சுருட்டுவதற்கும் மட்டுமா? நாங்கள் வான் வண்டியில் போகிறவர்கள், பாரம் பிரச்சினையே இல்லை.

இன்னொன்று, டவுண் நனைந்தால் உப்பாது. மலைப் பனி ஈரத்துக்கு சிந்தெடிக் (செயற்கை இழை) பைதான் புத்தியா? அப்புறம், எங்கள் மாரி மழைக்காலத்தில் இதைப் பூஞ்சணம் பிடிக்காமல் எப்படி வைத்திருக்கிறீர்கள்?