வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி துணைவேந்தர் பதவியை ஏற்றது ஏன்?

குடமுருட்டிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வட்டாரப் பள்ளியொன்றின் இலக்கிய மன்றத்தில், வலங்கைமானில் 1869-இல் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரான வ. ச. சீனிவாச சாஸ்திரியைப் பற்றிப் பேசும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. வலங்கைமான் என்றால் வெளியூராருக்குப் பங்குனி மாதத்துப் பாடைக்காவடியும் வெடிக்கடைகளும்தாம் நினைவுக்கு வரும். நான் விசாரித்த பிள்ளைகளில் ஒருவருக்கும் சாஸ்திரியின் பெயர் தெரியவில்லை. கிடைக்கும் குறிப்புகளோ அவருடைய ஆங்கிலப் பேச்சாற்றலையும் லண்டன் வட்டமேசை மாநாட்டையும் விரித்துரைத்துவிட்டு, 1935 முதல் 1940 வரையிலான சிதம்பரம் காலத்தை ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. 1921-லேயே பிரிட்டிஷ் அரசருக்கு ஆலோசனை கூறும் பிரிவி கவுன்சிலின் உறுப்பினராகிவிட்ட ஒருவர், அறுபத்தைந்து வயதை ஒட்டி ஒரு பல்கலைக்கழகத்தை நடத்த வந்தது ஏன்? அதை ஓய்வுக்காலப் பதவி என்று கொள்வது சரியா?

அரசலாற்றங்கரை:

ஐயா, சரியன்று என்பதே என் உறுதியான கருத்து. சாஸ்திரி அடிப்படையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அரசியல் அவர் வாழ்வில் பிற்பாடு வந்து சேர்ந்தது. வறுமையில் இருந்த புரோகிதர் குடும்பத்துப் பிள்ளையான அவர், கும்பகோணத்தில் பள்ளிப்படிப்பை முடித்து, காவிரிக்கரையில் இருக்கும் அரசினர் கல்லூரியில் சேர்ந்து 1888-இல் பட்டம் பெற்றார். உ. வே. சாமிநாதையர் அக்கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த காலம் அது. பட்டம் பெற்றவுடன் அவர் போய் நின்ற இடம் மாயவரம் நகராட்சி உயர்நிலைப் பள்ளியின் வகுப்பறை. பின்னர் சேலத்திலும் சென்னையிலும் ஆசிரியப் பணி செய்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். அந்த நாள்களிலேயே ஆசிரியர்களுக்கென ஒரு சங்கம் அமையப் பாடுபட்டார். 1904-இல் தொடங்கிய திருவல்லிக்கேணி கூட்டுறவு பண்டகசாலையை உருவாக்கியவர்களிலும் அவர் ஒருவர்.

நிலையான அந்த வேலையை விட்டுவிட்டு, 1907-இல் பொதுத்தொண்டுக்காகக் கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் சொற்ப உதவித்தொகைக்கு உறுப்பினராகச் சேர்ந்தார். கோகலே 1915-இல் மறைந்ததும் சங்கத்தின் தலைமை இவரிடம் வந்தது. சங்கத்தில் சேர்ந்த பிறகுதான் சட்டசபையும் வெளிநாட்டுப் பயணங்களும்.

தாங்கள் மாணவர்களுக்கு அவசியம் சொல்ல வேண்டியது தென்னாப்பிரிக்கச் செய்தி என்று எண்ணுகிறேன். 1927-இல் இந்திய அரசின் முதல் முகவராக அங்கே சென்றவர், இந்தியர்களின் குடியுரிமைச் சிக்கல்களைப் பற்றி வெள்ளையர் ஆட்சியாளர்களிடம் பேசியதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நம் மக்களின் பிள்ளைகள் உயர்நிலைக் கல்வி பெறவும், அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அங்கேயே பயிற்சி பெறவும் ஓர் இடம் வேண்டும் என்று, அங்குள்ள இந்தியர்களிடமே நன்கொடை திரட்டினார். டர்பன் நகரில் எழுந்த அந்தக் கல்விக்கூடம் சாஸ்திரி கல்லூரி என்றே பெயர் பெற்றது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே படித்தார்கள். அவர்களில் தமிழர் எத்தனையோ பேர். தூதராகப் போன இடத்திலும் பள்ளிக்கூடம் கட்டியவருக்குச் சிதம்பரம் எப்படி ஓய்வுக்கால இடமாகும்?

தில்லைவாசி:

முந்தைய பதிவோடு உடன்படுகிறேன். பல்கலைக்கழகத்தைப் பற்றி மட்டும் சிறிது சேர்க்கிறேன். அண்ணாமலை செட்டியார் 1920-இல் சிதம்பரத்தில் தொடங்கிய மீனாட்சி கல்லூரியே வளர்ந்து 1929-இல் பல்கலைக்கழகமாயிற்று. ஊர் ஊராக உள்ள கல்லூரிகளை இணைத்துத் தேர்வு நடத்தும் அமைப்பாக இல்லாமல், ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் தங்கிக் கற்கும் அமைப்பாக அது நிறுவப்பட்டது. அத்தகைய இடத்தில் துணைவேந்தர் கோப்புகளில் கையெழுத்திடுபவராக மட்டும் இருந்துவிட முடியாது. மாணவர்கள் அன்றாடம் காணும் பெரியவராகவும் அவர் இருந்தாக வேண்டும். முதல் துணைவேந்தர் ரங்கநாதனுக்குப் பின் சாஸ்திரி அப்பொறுப்பை ஏற்றபோது பல்கலைக்கழகத்துக்கு வயது ஆறுதான்.

ஒரு செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1940-இல் சென்னை மாகாண அரசு அமைத்த கலைச்சொல் குழுவுக்குச் சாஸ்திரி தலைவரானார். அக்குழு வடசொற்களுக்கே இடம் தருகிறது என்று தமிழறிஞர்கள் கடுமையாக எதிர்த்தனர். அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். மாணவர்களிடம் அவருடைய பெருமையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குடமுருட்டிக்கரை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மாயவரம் வகுப்பறையிலிருந்தே பேச்சைத் தொடங்குவேன். ஒன்று மட்டும் தெளிவுபடுத்துங்கள்: காந்தியடிகளின் ஒத்துழையாமையை அவர் ஏற்காததுதான் இங்கே மறக்கப்பட்டதற்குக் காரணமா?

அரசலாற்றங்கரை:

பெரிதும் அதுவே, ஐயா. அவர் மிதவாதி; சட்டமறுப்பால் ஒழுங்கு குலையும் என்று அஞ்சியவர். விடுதலைக்குப் பின் சிறை சென்றவர்களின் பெயர்களே ஊர்களில் நிலைத்தன. ஆயினும் காந்தியடிகள் அவரைத் தம் அண்ணனாகவே மதித்தார். 1946 ஏப்ரலில் சாஸ்திரி காலமாவதற்குச் சில மாதங்களுக்கு முன், சென்னைக்கு வந்த காந்தியடிகள் நோயுற்றிருந்த அவரை நேரில் சென்று பார்த்தார். கருத்து வேறுபாட்டால் அவ்விருவரின் நட்பு சிறிதும் குறையவில்லை என்பதைத் தங்கள் மாணவர்களுக்கு விரிவாகவே சொல்லலாம்.