பள்ளிக்கு வளைவு வேண்டாம், பராமரிப்பு நிதி வைப்போம்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பள்ளி நுழைவாயிலில் வளைவு கட்டுவது பற்றி வந்த மடல்களை எல்லாம் படித்தேன். ஆளாளுக்குக் கருத்து சொல்லுங்கள் என்று நம் ஊர்ச் சங்கத்தின் தலைவர் மாமா கேட்டிருந்தார். வளைவு வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கு நான் தருவதாக இருந்த தொகையை ஆண்டுதோறும் பள்ளிப் பராமரிப்புக்குத் தருகிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

போன முறை ஊருக்கு வந்தபோது பள்ளிக்குப் போயிருந்தேன். தோகாவில் நான் பார்ப்பது கட்டடப் பராமரிப்பு வேலை. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் பின்பக்கத்தைப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். ஐந்தாம் வகுப்பின் பின்சுவருக்கும் மலையைச் செதுக்கிய மேட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் உண்டு, உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். இப்போது அங்கே வாய்க்காலே இல்லை. மண்ணும் யூக்கலிப்டஸ் சருகும் சேர்ந்து ஜன்னல் கட்டை வரை மேடாகிவிட்டது, அதன்மேல் புதர் மண்டிக் கிடக்கிறது. மேட்டைத் தாங்கும் கல்சுவரில் தண்ணீர் வெளியேற விட்டிருந்த துளைகளும் அடைந்துபோயின. மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் நேராக வகுப்பறைச் சுவருக்குள் இறங்குகிறது. உள்ளே போனால், பிள்ளைகளின் தோள் உயரம் வரை பெயிண்ட் கொப்பளித்து உதிர்கிறது. அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் நூலகப் புத்தகங்கள் பக்கத்தோடு பக்கம் ஒட்டிப்போயிருக்கின்றன. நாம் வாங்கிக் கொடுத்த பெரிய டிவி அந்தச் சுவரில்தான் தொங்குகிறது. அதில் படம் வருவதில்லை.

அந்த வாய்க்காலைத் தூர்வார இரண்டு ஆள் கூலியும் மண்வெட்டியும் போதும். ஐப்பசி மழைக்கு முன்னால் வருஷா வருஷம் செய்துவிட்டால் சுவர் நிற்கும். செய்யாமல் விட்டால் சில வருஷத்தில் அறையையே பூட்ட வேண்டி வரும், அப்புறம் புதுக் கட்டடம் கேட்டு மனுப் போட வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது கொடைக்கானல் மலையில் மரங்கள் சாய்ந்து, மண் சரிந்து, சாலைகள் எப்படித் துண்டாகிக் கிடந்தன என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியொரு மழை மறுபடி வந்தால் அந்த மேட்டடியில் உட்கார்ந்திருப்பது நம் பிள்ளைகள்.

இதை ஏன் யாரும் செய்யவில்லை என்று கேட்டு தலைமையாசிரியர் மேல் கோபப்படுவது சுலபம். ஒரு கணக்கைப் பாருங்கள். எங்கள் தொழிலில், ஒரு கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட என்ன ஆகுமோ அதில் 2 முதல் 4 சதவீதத்தை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்கச் சொல்வார்கள். நம் பள்ளிக் கட்டடங்களை 40 லட்சம் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 80,000 முதல் 1,60,000 ரூபாய் வரை வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வரும் மானியம் ஆண்டுக்கு 25,000. முப்பதோ அதற்குக் கீழோ என்றால் 10,000. சாக்பீஸ், பதிவேடு, கரண்டு, உடைந்த குழாய், துடைப்பம், பினாயில் எல்லாவற்றையும் அதற்குள்தான் பார்க்க வேண்டும். அந்தத் திட்டத்தின் மத்திய நிதியும் 2024-25இல் இழுபறியில் நின்றுபோனது. இந்தப் பணத்தை வைத்துக்கொண்டு எந்தத் தலைமையாசிரியரால் சுவரைக் காப்பாற்ற முடியும்?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம்முடையது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஆசிரியர்கள் பள்ளிக் கல்வித் துறையின் கீழே, வட்டாரக் கல்வி அலுவலருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். கட்டடமோ ஒன்றியத்துக்குச் சொந்தம். ஓடு மாற்ற வேண்டுமானால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுதி, பொறியாளர் வந்து மதிப்பீடு போட்டு, நிதி ஒதுக்கி, ஒப்பந்தக்காரர் மலையேறி வர வேண்டும். தண்ணீரும் கழிப்பறைத் துப்புரவும் ஊராட்சியின் பொறுப்பு. ஒரே வளாகத்துக்குள் மூன்று பேரிடம் போய் நிற்க வேண்டிய நிலையில் இருக்கிறார் தலைமையாசிரியர். அவரே வகுப்பும் எடுக்கிறார், எமிஸ் என்ற இணையதளத்தில் பள்ளி விவரப் பதிவும் போடுகிறார். சிக்னல் கிடைக்காத நாளில் அதற்காக மேட்டுக்கு ஏறிப் போகிறார். கூட்டம் என்று கூப்பிட்டால் கொடைக்கானல் போய்வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும். அன்றைக்கு அவருடைய வகுப்புப் பிள்ளைகளைப் பக்கத்து வகுப்பில் உட்கார வைக்கிறார்கள்.

நல்ல தலைமையாசிரியர் வந்தால் பள்ளி எப்படி மாறும் என்பதை நாம் எல்லோரும் அனுபவித்தவர்கள். அவர் தங்குவதுதான் கொடைக்கானலுக்கும் மேலே இருக்கும் நம் மேல்மலை ஊர்களில் பெரிய பாடு. வத்தலக்குண்டிலிருந்தோ பழனியிலிருந்தோ தினமும் ஏறி இறங்க யாராலும் முடியாது. கொடைக்கானலில் அறை எடுத்தாலும் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் வரும் பஸ்ஸை நம்பித்தான் இருக்க வேண்டும். அடுத்த கலந்தாய்வில் இடமாறுதல் கேட்டுப் போய்விடுகிறார்கள், அதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். நம்மில் எத்தனை பேர் வீடு பூட்டிக் கிடக்கிறது? அதில் இரண்டைக் கழிப்பறை, வெந்நீர் வசதியோடு சரிசெய்து ஆசிரியர்களுக்கு நியாயமான வாடகைக்கு விட்டால், வளைவால் வரும் பெருமையை விடப் பெரிய காரியம் நடக்கும். எங்கள் அப்பா வீட்டைத் தர என் அண்ணனிடம் பேசிவிட்டேன், அவர் சம்மதித்துவிட்டார்.

சரி, பணம் கொடுத்தால் செலவை யார் முடிவு செய்வது? பள்ளி மேலாண்மைக் குழுதான் செய்ய வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டம் தந்த குழு அது. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும் வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் அதன் வேலை. நம் பள்ளியில் குழுத் தலைவராக இருப்பவர் பூண்டுக் காட்டில் கூலிக்குப் போகும் ஒரு தாய். கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு. அப்படியும் வருகிறார். வாய்க்காலைப் பற்றி என்னிடம் முதலில் சொன்னவரும் அவர்தான். குழாயில் தண்ணீர் வராத நாளெல்லாம் அவர் கைக்கணக்கில் இருக்கிறது. ஓடைத் தலைப்பில் சருகு அடைத்ததா, காட்டுமாடு கருப்பு ஹோஸை மிதித்து உடைத்ததா என்பது வரை சொல்கிறார். தோகாவிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்திருக்கும் நமக்கு அது தெரியாது.

செயலாளர் தம்பி எழுதியதில் எனக்கு ஒரு சின்ன மாற்றுக் கருத்து உண்டு. முதலில் ஐந்தாண்டுத் திட்ட அறிக்கை தயாரிப்போம், அதற்கு ஒரு ஆலோசகரை வைப்போம் என்கிறார். மத்தியப் பிரதேசத்தில் அரசு பெரிய அளவில் இதைச் செய்து பார்த்தது. பள்ளிகளை மதிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் மேம்பாட்டுத் திட்டம் எழுத வைத்தார்கள். பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் அதை ஆராய்ந்தபோது, திட்டம் எழுதிய பள்ளிகளிலும் எழுதாத பள்ளிகளிலும் பிள்ளைகளின் படிப்பில் வித்தியாசமே தெரியவில்லை. தாள்கள் நிரம்பின, வகுப்பறையில் ஒன்றும் மாறவில்லை. அதனால் நாம் அறிக்கைக்குச் செலவழிக்க வேண்டாம். பள்ளிக் குழு மாதம் ஒரு முறை நான்கைந்து விஷயங்களை மட்டும் பார்த்து எழுதட்டும். தண்ணீர் வந்ததா, கழிப்பறை திறந்திருந்ததா, எத்தனை நாள் எந்த வகுப்பு ஆசிரியர் இல்லாமல் இருந்தது, எது உடைந்தது, எப்போது சரியானது. அதன் போட்டோவை நாம் மடல் எழுதும் இந்தக் குழுவில் போட்டால் போதும்.

"அந்தக் காலத்தில் ஊர்க்காரர்கள் கொடுத்துத்தானே பள்ளி வளர்ந்தது" என்று பெரியப்பா எழுதியிருந்தார். முழுக்க உண்மை. காமராஜர் முதல்வராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. ஜனங்கள் நிலமும் பெஞ்சும் பிள்ளைகளுக்குச் சட்டையும் கொடுத்தார்கள். 1956இல் மதிய உணவு தொடங்கியதும் ஊர்மக்கள் கொடுத்த அரிசியிலும் காய்கறியிலும்தான். பெரியப்பா, நான் கேட்பதும் அதே வகைக் கொடைதான். அன்றைக்கு அடுப்பு தினமும் எரிய வேண்டியிருந்தது, வருஷம் முழுக்கக் கொடுத்தார்கள். இன்று காலை உணவையும் மதிய உணவையும் அரசே பார்த்துக்கொள்கிறது. பராமரிப்பைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. வளைவுக்குச் சேர்ந்த தொகையைத் தனிக் கணக்கில் வைப்பு நிதியாகப் போட்டு, வட்டியோடு நம் ஆண்டுச் சந்தாவையும் சேர்த்துப் பராமரிப்புக்கு எடுக்கலாம். துப்புரவு வேலை செய்யும் அம்மாவுக்கு ஊராட்சி வழியாக வருவது மிகச் சொற்பம், அதன்மேல் நாம் ஒரு கௌரவமான தொகை தர வேண்டும். அவர் வராமல் நின்றால் கழிப்பறை பூட்டப்படும். கழிப்பறை பூட்டினால் ஏழாம் எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கு வர மாட்டார்கள். பெரிய வேலை என்றால், அதாவது மேட்டுத் தாங்குசுவரைப் புதிதாகக் கட்டுவது போன்றது, 'நமக்கு நாமே' திட்டத்தில் கேட்கலாம். மக்கள் பங்கு மூன்றில் ஒன்று, மீதி அரசு. மேலாண்மைக் குழுத் தீர்மானத்தோடு ஒன்றியத்துக்கு மனுக் கொடுக்க வேண்டும்.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆசிரியர் பணியிடம் நிர்ணயிப்பது ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் இருக்கும் எண்ணிக்கையை வைத்துத்தான். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று என்பது தொடக்க வகுப்புகளுக்கான விதி. சித்திரை வைகாசியிலேயே வீடு வீடாகப் போய், பிள்ளைகளை நம் பள்ளியில் சேர்க்கச் சொல்லிப் பேசினால் ஒரு பணியிடம் தங்கும். மலைக்குக் கீழே விடுதியில் சேர்க்க நினைக்கும் பெற்றோரிடம் கழிப்பறையும் தண்ணீரும் சரியாகிவிட்டதைக் காட்டிப் பேச வேண்டும்.

கடைசியாக, பொருளாளர் தம்பி கட்டாயம் கவனிக்க வேண்டியது. வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகாது. கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைதான், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படித்தான். 2010 வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அதற்கு அனுமதி பெற்ற அமைப்புதான் வாங்க முடியும், நம் சங்கத்துக்கு அந்த அனுமதி இல்லை. ஆகவே குடியுரிமை மாறியவர்கள் தயவுசெய்து சங்கக் கணக்கில் எதுவும் போட வேண்டாம். யார் எந்தப் பாஸ்போர்ட் என்று பொருளாளருக்குத் தனி மடலில் சொல்லிவிடுங்கள், பொதுக்குழுவுக்கு முன்னால் பட்டியல் தயாராக வேண்டும்.