நர்ஸ்களே, குழந்தையை யாரோ துன்புறுத்துகிறார்கள் என்ற சந்தேகத்தில் ரிப்போர்ட் போன பிறகு உங்களிடம் யார் பேசினார்கள்? அனுபவங்களைச் சொல்லுங்கள்

வார்டு சிஸ்டர்:
இன்னும் குப்புறக்கூட விழாத குழந்தை. சளி என்று அட்மிட் ஆனது. உடம்பு துடைக்கும்போது பார்த்தேன், காது மடலில் கன்றிப்போயிருந்தது. "கட்டில்ல இடிச்சிடுச்சு" என்றார் அம்மா. தானாக நகராத குழந்தைக்குக் காதில் கன்றுவது சும்மா வராது. டாக்டரிடம் சொன்னேன், ரிப்போர்ட் போனது. அதற்கப்புறம் அந்த அம்மா என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். மருந்து கொடுக்கப் போகவே கால் வராது.

சீனியர் அக்கா கூப்பிட்டார். கதவைச் சாத்தினார், போனை சைலன்டில் போட்டார், ஃபைலைத் தொடவில்லை. "ராத்திரி தூங்குனியா?" என்றுதான் ஆரம்பித்தார். நான் அழுது முடிக்கும்வரை இருந்தார். பிறகுதான் குறிப்பை எடுத்தார். "அலட்சியமா பதில் சொன்னார்னு எழுதியிருக்கே. என்ன வார்த்தை சொன்னாங்க? அதை அப்படியே எழுது." கன்றலின் நிறத்தை வைத்து எத்தனை நாள் ஆனது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது; இடம், அளவு, நிறம் மட்டும் போதும் என்றார். அடுத்த ரவுண்டுக்கு என்னோடு இன்னொரு நர்ஸையும் அனுப்பினார்.

நைட் ஷிப்ட்:
கொடுத்து வைத்தவர் நீங்கள். இப்படி சீனியர் உட்கார்ந்து கேஸைப் பற்றிப் பேசுவதுதான் சூப்பர்விஷன். எங்களிடம் அது ரெஜிஸ்டரில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது. கேஸ் பெரிதானால் கூப்பிடுவார்கள், விளக்கம் கேட்க.

பழைய கை:
நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவள், சூப்பர்விஷன் கொடுப்பவள். சூப்பர்விஷன் பற்றி எழுதிய பிரிஜிட் ப்ராக்டர் 1980களிலேயே சூப்பர்விஷனுக்கு மூன்று வேலை சொன்னார்: தரம் பார்ப்பது, கற்றுக்கொடுப்பது, மனசைத் தேற்றுவது. ஆள் பற்றாக்குறை வந்தால் முதலில் வெட்டுப்படுவது மூன்றாவதுதான்.

தேற்றுவது என்றால் முதுகில் தட்டிக்கொடுப்பது என்று நினைக்கிறார்கள் (சிலர் அதையும் செய்வதில்லை). வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் நர்ஸ் ஒருவர் ஒரு தாயின் கஷ்டத்தையே சொல்லிக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கும் அந்தத் தாய்மேல் அவ்வளவு இரக்கம். "பையன் அப்போ என்ன பண்ணிட்டிருந்தான்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "அப்பா குரல் கேட்டதும் விளையாட்டை நிறுத்திட்டான் மேடம்" என்றார். அன்றே அதை எழுத வைத்தேன். குழந்தைகள் நலக் குழுவுக்கும் சொன்னோம். இங்கே பேசுவது வெளியே போகாது, ஆனால் குழந்தைக்கு ஆபத்து என்றால் போகும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவேன்.

நைட் ஷிப்ட், விளக்கம் கேட்பவரிடமே போய் யார் மனசைத் திறப்பார்கள்? உங்கள் நேரடி மேலதிகாரி அல்லாத ஒருவரைச் சூப்பர்விஷனுக்குக் கேட்டு வாங்கப் பாருங்கள். கேஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உட்கார்ந்து பேசும் தேதி முன்கூட்டியே குறித்திருக்க வேண்டும். அதையும் டியூட்டி நேரத்திலேயே கேளுங்கள்.