தரைவாழ் தவளையா, சருகுத்தவளையா? மழைக்காட்டுத் தவளைகளுக்குத் தமிழ்ப்பேர் தேடறப்ப நம்ம குழுவுல வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> தரையில வாழறதால 'தரைவாழ் தவளை'னே வெச்சிடலாமே, எல்லாருக்கும் புரியும்

புரியும் சார், ஆனா ரொம்ப அகலமா இருக்கு. வயல் வரப்புல குதிக்கறதும் தரைதான், மணலுக்குள்ள புதைஞ்சு கிடக்கறதும் தரைதான். புதையறதுக்கு நம்மகிட்ட ஏற்கெனவே நுணல்னு அழகான சொல் இருக்கு, பழமொழி நானூறுலயே 'மணலுள் முழுகி மறைந்து கிடக்கும் நுணல்'னு வருது, அத அதுக்கே விட்டுடலாம். நமக்கு இப்ப வேண்டியது மழைக்காட்டுல உதிர்ந்த இலைக்கு நடுவுல வாழற குட்டித் தவளைகளுக்கு ஒரு பொதுப்பேர்.

குழுவுல ஒரு அக்கா வால்பாறை பக்கம் எடுத்துப் போட்ட தவளை போட்டோவ பெருசாக்கிப் பாருங்க. உடம்பு காஞ்ச இலையோட அதே பழுப்பு, முதுகுல நீளவாக்குல தோல் மடிப்பு, கண்ணுக்குப் பின்னாடி செவிப்பறைய ஒட்டி கறுப்புப் பட்டை, விரல் நுனியில சின்ன வட்டு. இதெல்லாம் சேத்துப் பாத்தா இந்திரானா கூட்டம்னுதான் தோணுது, மேற்குத்தொடர்ச்சி மலைய விட்டா உலகத்துல வேற எங்கயும் இல்லாத கூட்டம். இதோட தலைப்பிரட்டை குளத்துல நீந்தாது, தண்ணி கசியற ஈரப்பாறை மேல ஒட்டிக்கிட்டுத் திரியும், அதனால பக்கத்துல அப்படி ஒரு பாறை இருந்துச்சான்னு அக்கா சொன்னா நல்லது.

என் பரிந்துரை: சருகுத்தவளை. சருகுமான்னு காட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே, அதே வழியில போகலாம், சொல்லிப் பாத்தாலும் வாயில ஒட்டுது.

---

> சருகுன்னா காஞ்ச இலை. அங்க கீழ எல்லாம் நனைஞ்சு மக்கிக் கிடக்குமே, தவளை இருக்கறது அந்த ஈரத்துலதானே?

நியாயமான கேள்வி. மேல ஒரு அடுக்கு மொறமொறன்னு கிடக்கும், அத விலக்கினா அடியில ஈரமா, பாதி மக்கி, வெள்ளை வெள்ளையா பூஞ்சை இழை ஓடி இருக்கும், கறையான், எறும்பு, சின்னச் சிலந்தி எல்லாம் அங்கதான், தவளைக்கு சாப்பாடும் அங்கதான். தவளை தோல் வழியாவும் மூச்சு விடறதால அந்த ஈரம் போயிட்டா அதுக்குப் பிழைப்பு இல்ல. அதனால முழு அடுக்குக்கும் 'சருகுப்படுகை', அடியில மக்கினதுக்கு 'மக்கு'ன்னு ரெண்டா வெச்சுக்கலாம். 'இலைக்குப்பை'ன்னு ஒரு பாடப்புத்தகத்துல பாத்தேன், தயவுசெஞ்சு அது வேண்டாம், காட்டுல அது குப்பை இல்ல.

---

> அப்ப இந்திரானாவுக்கே சருகுத்தவளைன்னு பேர் குடுத்துடலாமா?

இங்கதான் நான் பிரேக் போடுவேன். வாழிடத்த வெச்சு பேரினத்துக்கு, அதாவது நெருங்கின உறவுள்ள இனங்களோட கூட்டத்துக்கு, பேர் வெச்சா எங்கயாவது மாட்டிக்கும். ராவோர்செஸ்டெஸ் கூட்டத்த எடுத்துக்கங்க, புதர்த்தவளைன்னு எல்லாரும் எழுதறோம், பெரும்பாலும் சரியும்கூட, ஆனா 2010-ல ஆனைமுடியில இருந்து விவரிச்ச ரெஸ்ப்லெண்டன்ஸ்ங்கற செக்கச்செவேல்னு இருக்கற இனம் புதர்ல ஏறாம மலைப்புல்வெளியில புல்லடியில தரையோட தரையா கிடக்குது. புதர்ல இல்லாத புதர்த்தவளை! அதே மாதிரி மெலனோபட்ராக்கஸ், கறுப்பு உடம்புல வெளிர் புள்ளி, தொடையில ஆரஞ்சு, அது சருகுலயும் உளுத்த கட்டைக்கு அடியிலயும்தான் இருக்கும், ஆனா இந்திரானாவுக்கு சொந்தமே இல்ல, குறுவாய்த் தவளைக் குடும்பம். இந்திரானா, மெலனோபட்ராக்கஸ் ரெண்டுமே சருகுத்தவளைதான், வாழற விதத்துல. அதனால இத வாழிடச் சொல்லா மட்டும் வெச்சுப்போம், பேரினத்த இந்திரானான்னே தமிழ்ல எழுதிடலாம்.

அதுலயும் ஒரு சிக்கல், 2016-ல இந்திரானாவுல இருந்து சில இனங்கள வாக்கரானான்னு தனியா பிரிச்சுட்டாங்க. வித்தியாசம் பாக்க பின்னங்கால் விரல் சவ்வு எதுவரைக்கும் போகுதுன்னு தெரியணும், மேலருந்து எடுத்த போட்டோவுல காலே தெரியல. அக்கா, பக்கவாட்டுல எடுத்தது ஏதாவது இருந்தா போடுங்க, இனப்பேர அப்புறம் பாப்போம். திரும்பப் போனா கட்டை எதையும் புரட்ட வேண்டாம், புரட்டினா அடியில ஈரம் போயிடும்.

'த்' போடணுமா வேண்டாமான்னு கேட்டவருக்கு: போடணும், சருகுத்தவளை.